சக்கரமும் மினுக்கும்

நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள சாமளாபுரம் என் ஊர். சோமனூர், கருமத்தம்பட்டி, மங்கலம், பல்லடம் ஆகிய ஊர்கள் சுற்றியிருக்க, விசைத்தறிகளின் ஓசை இரவென்றும் பகலென்றும் பாராமல் கேட்டுக்கொண்டிருக்கும் வட்டாரம் அது. தறி நாட்டிலிருந்து வந்த ஒருவன் நூலைப்பற்றியும் துணியைப்பற்றியும் பேசாமல் மோட்டார் வண்டிச் சக்கரத்தைப்பற்றிப் பேச வந்தது ஏன் என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. பாவு நூல் ஆலையிலிருந்து தறிக்கு வருவதும், நெய்த துணி தறியிலிருந்து சாயப் பட்டறைக்குச் செல்வதும், திருப்பூரில் பின்னிய பனியன் துறைமுகத்தை நோக்கிப் புறப்படுவதும் சக்கரத்தின் மேல்தான். சக்கரம் ஒரு நாள் நின்றால் எங்கள் பக்கத்தில் தறியும் நிற்கும்.

எங்கள் ஊர்ச் சாலையின் ஓரத்தில் அரை மணி நேரம் நின்றால் போதும். சக்கரத்தின் வரலாறு முழுவதும் வரிசையாகக் கண் முன்னே உருண்டு போகும். தோட்டத்திலிருந்து வரும் டயர் வண்டி. தேய்ந்த வளையத்துடன் கிறீச்சிடும் சைக்கிள். வெள்ளி போல் மின்னும் கம்பிச் சக்கரத்துடன் தடதடக்கும் புல்லட். துணி மூட்டைகளைச் சுமந்து செல்லும் ‘குட்டி யானை’ என்னும் சிற்றுந்து. இவற்றுக்கிடையே, நட்சத்திரம் போலவும் தாமரை போலவும் வாளின் அலகு போலவும் வார்க்கப்பட்ட சக்கரங்களுடன் பளபளவென்று செல்லும் கார்கள். இந்தக் கடைசி வகையில்தான் இன்றைய இளைஞரின் கண் நிற்கிறது. வண்டி வாங்கிய மறுநாளே, அதனுடன் வந்த சக்கரங்களைக் கழற்றிவிட்டு வேறு சக்கரம் மாட்டுவோர் பலர். சக்கரங்களை மட்டும் விற்கும் கடைகள் கோவையிலும் திருப்பூரிலும் பெருகியிருக்கின்றன.

ஒரு சக்கரத்தை வாங்குகிறவன் எதைப் பார்த்து வாங்குகிறான்? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு விடை இருந்திருக்கிறது. அந்த விடைகள் மாறி வந்த விதத்தையும், அந்த மாற்றத்தினுள்ளே பலர் கவனியாமல் விட்டுவிடும் ஒரு செய்தியையும் இன்று எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் மாட்டு வண்டிச் சக்கரத்தைப் பார்ப்போம். நடுவே குடம், குடத்திலிருந்து விரியும் ஆரக்கால்கள், ஆரக்கால்களின் முனைகளைக் கோத்து வட்டமாக்கும் வட்டைகள், அவற்றைச் சுற்றிலும் இரும்புப் பட்டா, குடத்தின் வழியே அச்சு, அச்சின் நுனியில் கடையாணி. இத்தனை உறுப்புகள் சேர்ந்ததே ஒரு சக்கரம். பட்டாவை வரட்டி நெருப்பில் பழுக்கக் காய்ச்சுவார்கள். சூட்டினால் விரிந்த அந்த வளையத்தை மரச் சக்கரத்தின் மேல் இறக்கி உடனே தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கும்போது வட்டையும் ஆரக்காலும் குடமும் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆணி ஒன்றும் செய்ய முடியாத வேலையை ஒரு குடம் தண்ணீர் செய்துவிடும்.

அப்படிப்பட்ட சக்கரத்தை வாங்க வந்த குடியானவன் மரம் வைரம் பாய்ந்ததா, பொருத்து இறுக்கமாக இருக்கிறதா, சுற்றினால் கோணாமல் ஓடுகிறதா என்று பார்த்தான். அவனுக்கு அழகில் ஆசை இல்லையென்று எண்ணிவிட வேண்டாம். காங்கேயம் காளையின் கொம்புக்குப் பித்தளைக் குப்பி போட்டவனும், கழுத்துக்குச் சலங்கை கட்டியவனும், வண்டியின் பலகைக்குச் சாயம் பூசியவனும் அவனே. ரேக்ளாப் பந்தயத்துக்கு ஓட்டிச் செல்லும் சிறு வண்டியை அவன் மணப்பெண் போல் சிங்காரித்தான். ஆனால் அந்தச் சிங்காரம் எதுவும் பாரம் தாங்கும் உறுப்பின் வடிவத்தை மாற்றவில்லை. சலங்கை அறுந்து விழுந்தாலும் வண்டி ஓடும். சாயம் உதிர்ந்தாலும் ஓடும். பாரம் தாங்குவது ஓரிடம், கண்ணுக்கு விருந்தாவது வேறோரிடம் என்ற ஒழுங்கு அந்த வண்டியில் இருந்தது. இந்த ஒழுங்கை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இனி நான் சொல்லப்போவதெல்லாம் அதைச் சுற்றியே அமையும்.

அடுத்து வந்தது சைக்கிள். 1949-ஆம் ஆண்டில் சென்னைக்கு அருகே அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை தோன்றியது. அதன் பின் சைக்கிள் என்பது தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கும் எட்டும் பொருளாயிற்று. சைக்கிளோடு சேர்ந்து ஒரு புது ஒளியும் ஊருக்குள் புகுந்தது. அதுவே குரோமிய முலாம் பூசிய சக்கர வளையம். வெள்ளிக்கிழமைதோறும் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் அந்த வளையத்தையும் கம்பிகளையும் துடைத்து வைப்பது பல வீடுகளில் ஒரு வழக்கமாகவே இருந்தது. வெள்ளிப் பாத்திரம் இல்லாத வீட்டிலும் வெள்ளி போன்ற ஒரு பொருள் திண்ணையில் சாய்ந்து நின்றது.

அந்த ஒளிக்குக் காரணமான குரோமியத்தை 1797-இல் வோக்லாங் என்னும் பிரெஞ்சு அறிஞர், சைபீரியாவிலிருந்து வந்த ஒரு சிவப்புத் தாதுவில் கண்டார். அதன் சேர்மங்கள் மஞ்சள், பச்சை, செம்மை எனப் பல நிறங்கள் காட்டியமையால், நிறம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் இட்டார்கள். மின்சாரத்தின் உதவியால் அதை வேறு உலோகத்தின் மேல் முலாமாக ஏற்றும் முறை 1920-களில்தான் தொழிலுக்கு ஏற்றவாறு கைவந்தது.

குரோமிய முலாம் என்று நாம் சொல்வது உண்மையில் பல அடுக்குகளாலானது. பொருளை முதலில் மழமழவென்று தேய்த்து மெருகேற்றுவார்கள். அதன் மேல் பெரும்பாலும் செம்பு, அதன் மேல் நிக்கல், எல்லாவற்றுக்கும் மேலே குரோமியம். அழகுக்காக ஏற்றும் குரோமியம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இராது. நம் தலைமயிர் ஒன்றின் பருமனை ஐம்பது கூறாக்கினால், அதில் ஒரு கூறைவிடவும் மெல்லிய படலம் அது. துருவைத் தடுக்கும் வேலையில் பெரும்பங்கு அதன் கீழே இருக்கும் நிக்கலைச் சேர்ந்தது. அந்த நிக்கல் மங்கிப் போகாமல் காப்பதும், நீலம் கலந்த குளிர்ந்த ஒளியைத் தருவதும் குரோமியத்தின் பங்கு. வாங்குவோர் கண்ணைப் பறிப்பது அந்த மெல்லிய படலம். விலையில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத மெருகு வேலைக்கும் அடியடுக்குகளுக்கும் உரியது. அதனால்தான் மலிவாக முலாம் போட்டுத் தருவோர் அடியில் கைவைத்துவிட்டு மேலே மட்டும் மின்ன வைக்கிறார்கள். இரண்டு மழைக்காலம் சென்றதும் அந்த வளையத்தில் அம்மைத் தழும்பு போல் புள்ளிகள் கிளம்பிவிடுகின்றன.

காரின் சக்கரம் கடந்து வந்த வழியும் சுவையானது. 1886-இல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற முதல் மோட்டார் வண்டி, சைக்கிளைப் போன்ற கம்பிச் சக்கரங்களில் ஓடிற்று. 1908-இல் அமெரிக்காவில் ஃபோர்டு வெளியிட்ட டி மாடல் காருக்கு மர ஆரக்கால்களே இருந்தன. நம் தச்சர் ஒருவர் அதைக் கண்டிருந்தால் தம் தொழிலைச் சேர்ந்தது என்று அடையாளம் கண்டுகொண்டிருப்பார். அதன் பின்னர் எஃகுத் தகட்டை அழுத்தி வடித்த சக்கரம் வந்தது. எங்கள் பக்கத்துக் கடைகளில் அதை ‘டிஸ்க்’ என்பார்கள். உறுதி மிக்கது, விலை குறைந்தது, பள்ளத்தில் விழுந்தால் வளையுமே தவிர எளிதில் உடையாது, ஆனால் அழகில்லை. அந்தக் குறையை மறைக்கப் பிறந்ததுதான் ‘வீல் கப்’ என்னும் சக்கர மூடி.

அம்பாசடர் காரைப் பார்த்தவர்கள் அந்த மூடியை மறந்திருக்க மாட்டார்கள். 1957-இலிருந்து வங்காளத்தில் உத்தரபாராவில் உருவாகி, 2014-இல் உற்பத்தி நின்றுபோன அந்த வண்டியின் ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும், கவிழ்த்து வைத்த கிண்ணம் போன்ற குரோமிய மூடி ஒன்று வானத்தையும் சாலையையும் பிரதிபலித்துக்கொண்டே சுழலும். திருமணத்துக்கு வண்டி எடுத்தால் ஓட்டுநர் முதலில் துடைப்பது அந்த நான்கு மூடிகளையே. கோவை அவினாசிச் சாலையில் உள்ள ஜீடி கார் அருங்காட்சியகத்துக்குச் செல்வோர், இத்தகைய பழைய வண்டிகளை நேரில் காணலாம். அங்கே போனால் வண்டியின் முகத்தைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், குனிந்து சக்கரங்களையும் பார்க்க வேண்டும் என்று சொல்வேன்.

இங்கேயும் பழைய ஒழுங்கு கெடாமல் இருந்ததைக் கவனியுங்கள். பாரம் தாங்கியது எஃகு டிஸ்க், மினுக்கியது மூடி. மூடி கழன்று சாக்கடையில் விழுந்தாலும் பயணம் நிற்காது. தமிழ்நாட்டிலேயே அத்தகைய எஃகுச் சக்கரம் வடிக்கும் பெரிய தொழில் எழுந்தது. 1960-இல் நிறுவப்பட்ட வீல்ஸ் இந்தியா நிறுவனம் சென்னையை அடுத்த பாடியில் தன் தொழிலைத் தொடங்கியது. லாரிக்கும் பேருந்துக்கும் டிராக்டருக்கும் காருக்கும் சக்கரம் செய்யும் நிறுவனமாக அது வளர்ந்தது. நாட்டின் பாரம் ஓடும் சக்கரங்களில் பல தமிழ் மண்ணில் வடிக்கப்பட்டவை என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

பாரத்தையும் அலங்காரத்தையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டது அலுமினியக் கலவைச் சக்கரம். ‘அலாய் வீல்’ என்று குழந்தையும் இன்று சொல்கிறது. 1924-இல் பிரான்சில் லியோன் நகரப் பந்தயத்துக்குப் புகாட்டி நிறுவனம் கொண்டுவந்த வண்டியில் வார்ப்பு அலுமினியச் சக்கரங்கள் இருந்தன. அவர்கள் தேடியது எடைக் குறைவு. சுருள்வில்லுக்குக் கீழே இருக்கும் எடை குறைந்தால், சக்கரம் மேடுபள்ளங்களோடு ஒட்டி ஓடும். வண்டியைத் திருப்புவதும் நிறுத்துவதும் எளிதாகும். பந்தயக்காரர் எடைக்காக விரும்பியதைப் பின்னர் மற்றவர் வடிவத்துக்காக விரும்பினர். எஃகுத் தகட்டில் இயலாத உருவமெல்லாம் வார்ப்பில் இயலும் அல்லவா?

அதற்குப் பிறகு மோஸ்தர் படுத்திய பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் 1960-களில் பந்தய வண்டிச் சக்கரத்தின் சாயலில் ஐந்து ஆரக்கால் சக்கரங்களைச் சாதாரண வண்டிகளிலும் மாட்டத் தொடங்கினர். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே குரோமிய மோகம் உச்சிக்கு ஏறியது. இருபது அங்குலம், இருபத்துநான்கு அங்குலம் என்று வளையங்கள் பெருத்தன. முழுச் சக்கரமும் முகம் பார்க்கும் கண்ணாடி போல் மின்னியது. வண்டி நின்ற பின்னும் தனியே சுழன்றுகொண்டிருக்கும் தட்டுகளைக்கூடப் பொருத்தினர். பிறகு, எல்லாரும் மின்ன ஆரம்பித்ததும் மின்னுவதில் மதிப்பில்லாமற் போயிற்று. கரியின் கருமை, துப்பாக்கி உலோகத்தின் சாம்பல், ஒளியற்ற வெண்கலம் ஆகிய நிறங்கள் மேலேறின. இன்று நம் நாட்டில் விற்கும் புது வண்டிகளில் பலவற்றில் காண்பது இரண்டும் கலந்த மோஸ்தர். சக்கரம் முழுவதும் கறுப்புச் சாயம் பூசி, முகப்பை மட்டும் கடைந்து வெள்ளையாக மின்ன வைக்கிறார்கள். ‘டைமண்ட் கட்’ என்பது அதற்குக் கடைக்காரர் வைத்த பெயர். மின்சாரக் கார்கள் வந்தபின் காற்றின் தடையைக் குறைப்பதற்காக ஏறக்குறைய மூடிய தட்டு போன்ற சக்கரங்களும் தோன்றியுள்ளன. பழைய வீல் கப் வேறு காரணத்துக்காக மறுபிறவி எடுத்து வந்திருக்கிறது எனலாம்.

அளவும் வளர்ந்தது. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 காருக்குப் பன்னிரண்டு அங்குலச் சக்கரமே இருந்தது. அந்த வண்டியில் ஒரு குடும்பமே ஏறிப் பழனிக்குப் போய்வந்தது. இன்று பதினாறு, பதினேழு அங்குலச் சக்கரம் இல்லாத வண்டியை இளைஞர் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

திருப்பூரில் சக்கரக் கடை ஒன்றில் நான் சில மாலைப்பொழுதுகளைக் கழித்ததுண்டு. வாங்க வருவோரைக் கவனித்தால் மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகையினர், புதுத் தொழிலில் கையில் நாலு காசு சேர்ந்தவர்கள். தறிக் கூலிக்கு நெய்தவர் சொந்தத் தறி போட்டதும், தையல் பிரிவில் வேலை பார்த்தவர் சிறு பனியன் கம்பெனி தொடங்கியதும், அந்த முன்னேற்றம் ஊருக்குத் தெரிய வேண்டும் என்று விரும்புவது இயல்பு. இவர்கள் மின்னுவதையே கேட்பார்கள். இரண்டாம் வகையினர் கல்லூரி மாணவர். இவர்கள் மின்னுவதைப் பழசு என்பார்கள். கறுப்பும் பெரிய அளவும் வேண்டும் என்பார்கள். மூன்றாம் வகையினர் வாடகை வண்டி ஓட்டுவோர். இவர்கள் வந்து நின்றதும் கேட்கும் கேள்வி ஒன்றே: “ஏனுங்கண்ணா, நம்ம ரோட்டுக்கு இது தாங்குமுங்களா?” வருவோரில் எண்ணிக்கையில் மிகக் குறைந்தவர்கள் இவர்களே. கடைக்காரரும் இவர்களுக்குத்தான் நிதானமாக, நேரம் எடுத்துக்கொண்டு பதில் சொல்வார்.

இந்த மூன்றாம் கேள்வியை மற்ற இரு வகையினரும் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து. மாட்டு வண்டியில் சலங்கை வேறு, சக்கரம் வேறு. அம்பாசடரில் மூடி வேறு, டிஸ்க் வேறு. அலாய் வீலில் அப்படி இல்லை. கண்ணைக் கவரும் அந்த மெல்லிய ஆரக்காலே குடும்பம் முழுவதையும் தாங்கும் ஆரக்கால். அழகைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று எண்ணிக்கொண்டு உறுதியையும் அப்போதே தேர்ந்தெடுத்துவிடுகிறோம். இரண்டையும் ஒரே பார்வையில் முடிவு செய்யும் கட்டாயம் முன்னோருக்கு இருந்ததில்லை.

நல்ல அலுமினியச் சக்கரம் ஒன்று உருவாகும் விதத்தைக் கேளுங்கள். அலுமினியத்தோடு நூற்றுக்கு ஏழு பங்கு அளவில் சிலிக்கனும், சிறிதளவு மக்னீசியமும் சேர்த்து உருக்கி, குறைந்த அழுத்தத்தில் அச்சினுள் கீழிருந்து மேலாக ஏற்றுகிறார்கள். உள்ளே காற்றுக் குமிழி இருக்கிறதா என்று எக்ஸ்ரே கதிரால் சோதிக்கிறார்கள். பின்பு ஏறக்குறைய 540 டிகிரி வெப்பத்தில் சில மணி நேரம் வைத்து, தண்ணீரில் சட்டெனக் குளிர்வித்து, மீண்டும் 150 டிகிரியை ஒட்டிய இளஞ்சூட்டில் பதப்படுத்துகிறார்கள். இந்தப் பதமே அதன் உயிர். அதன் பிறகும், வளைவில் திரும்பும் விசையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தும், பாரத்தோடு நெடுந்தூரம் ஓட்டியும், விளிம்பின் மேல் எடையை விழச் செய்தும் மாதிரிச் சக்கரங்களைச் சோதிக்கிறார்கள்.

இவ்வளவும் செய்த சக்கரமும், ஒன்றும் செய்யாத போலிச் சக்கரமும் சாயம் பூசி அடுக்கிவைத்தால் ஒன்றுபோலவே தெரியும். இதனால்தான் இந்திய அரசு 2020-இல் ஆணை ஒன்று பிறப்பித்து, வண்டிச் சக்கர வளையங்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையைக் கட்டாயமாக்க முற்பட்டது. பயணிகள் காருக்கு உரிய தரத்தின் எண் ஐ.எஸ். 9436. சக்கரத்தின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்து, அந்த முத்திரையும் தாங்கும் பாரத்தின் அளவும் பொறிக்கப்பட்டுள்ளனவா என்று காண்பதற்கு ஒரு நிமிடம் போதும். கடையில் எல்லாரும் முகப்பைத் தடவிப் பார்க்கிறார்கள். முதுகைத் திருப்பிப் பார்ப்போரை நான் அரிதாகவே கண்டேன்.

அடுத்தது வளைந்த சக்கரம். சைக்கிள் வளையம் கோணினால் கம்பிகளைத் தளர்த்தியும் இறுக்கியும் கோட்டம் எடுத்துவிடலாம். எஃகு டிஸ்க் வளைந்தால் ஓரளவு தட்டி நிமிர்த்தலாம். அதே பழக்கத்தில் அலுமினியச் சக்கரத்தையும் தீயில் காட்டித் தட்டுகிறார்கள். விரிசல் கண்டால் பற்றவைத்துச் சாயம் பூசுகிறார்கள். முன்பு சொன்ன அந்தப் பதம், தீ பட்ட இடத்தில் போய்விடும். வடிவம் திரும்பலாம், பழைய வலிமை திரும்பாது. பழைய சக்கரத்தைப் புதிது போல் ஆக்கி விற்கும் இடங்களில், புதுச் சாயத்தின் கீழே என்ன இருக்கிறதென்று விற்பவரும் சில வேளை அறியமாட்டார். குறைந்த விலைக்குக் கிடைத்ததே என்று மகிழ்வதற்கு முன்னால் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அளவைப் பெரிதாக்குவதிலும் ஒரு கணக்கு உண்டு. டயரின் பக்கத்தில் 185/65 ஆர் 15 என்று எழுதியிருந்தால், அகலம் 185 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் நூற்றுக்கு 65 பங்கு, அதாவது ஏறக்குறைய 120 மில்லிமீட்டர். வளையம் 15 அங்குலம் என்று பொருள். இதைக் கழற்றிவிட்டு 205/45 ஆர் 17 மாட்டினால் மொத்த உயரம் ஏறக்குறைய அதுவே. வண்டியின் வேகமானியும் பெரிதாகப் பொய் சொல்லாது. ஆனால் வளையம் இரண்டு அங்குலம் பெரிதானமையால், பக்கச் சுவர் 92 மில்லிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. குறைந்த அந்த 28 மில்லிமீட்டரும் ரப்பரும் காற்றும் சேர்ந்த மெத்தை. பள்ளத்தின் அடியை முன்பு மெத்தை வாங்கியது. இனி வளையம் வாங்கும்.

இன்னொன்றும் காணுங்கள். அந்த எழுத்துகளை அடுத்து ஓர் எண் இருக்கும். 88 என்றால் அந்த டயர் 560 கிலோ தாங்கும். 84 என்றால் 500 கிலோ. மேலே சொன்ன பெரிய அளவில் 84 உள்ள டயரும் உண்டு, 88 உள்ள டயரும் உண்டு. முன்பு 88 இருந்த வண்டியில், விலை மலிவென்று 84 உள்ளதை மாட்டினால், நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து 240 கிலோ தாங்கும் திறனை இழந்தோம். நோம்பிக்கு ஊருக்குப் போகும் நாளில் வண்டியில் ஏறும் ஆட்களையும் மூட்டைகளையும் எண்ணிப் பார்த்தால் இந்த 240 கிலோ எவ்வளவு பெரிது என்பது விளங்கும். வளையம் மிகுதியாக வெளியே பிதுங்கி நிற்கும்படி மாட்டினாலும் துன்பமே. தாங்குருளைகள் விரைவில் தேயும், திருப்பும்போது டயர் உடலில் உராயும். அன்றியும், பெரிய அலாய் சிறிய எஃகு டிஸ்க்கைவிட எப்போதும் எடை குறைந்தது என்று சொல்ல இயலாது. அளவு கூடக் கூட எடையும் கூடுகிறது.

சட்டத்தின் நிலையும் தெரிந்திருத்தல் நலம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் வகுத்த அமைப்பு மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. வண்டி செய்த நிறுவனமே அந்த வகை வண்டிக்கு ஏற்றதென்று குறித்துள்ள அளவுகளுக்குள் நின்றுகொண்டால், சட்டத்துக்கும் அச்சமில்லை, சாலைக்கும் அச்சமில்லை.

மினுக்குக்கு நாம் கொடுக்கும் விலை கடைக்காரர் எழுதும் சீட்டோடு முடிவதில்லை. முலாம் பூசப் பழைய முறையில் பயன்படுவது ஆறிணைதிறன் குரோமியம் என்னும் வகை. அதன் ஆவித் துளிகளை ஆண்டுக்கணக்கில் சுவாசிக்கும் தொழிலாளிக்கு நுரையீரலில் புற்றுநோய் வரக்கூடும். தோலிலும் மூக்கினுள்ளும் புண் உண்டாகும். கழுவிய நீரைச் சுத்தம் செய்யாமல் வெளியே விட்டால் அது மண்ணில் இறங்கி நிலத்தடி நீரைக் கெடுக்கும். ராணிப்பேட்டையில் 1995-இல் மூடப்பட்ட குரோமிய உப்புத் தொழிற்சாலை ஒன்றின் கழிவு, லட்சக்கணக்கான டன் அளவில் குவிந்து கிடந்து, ஆலை நின்ற பின்னும் பல ஆண்டுகள் அந்த வட்டாரத்தின் நீரை நஞ்சாக்கியது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் இந்த வகையான அலங்கார முலாமைப் படிப்படியாக நிறுத்துவதென்று 2023-இல் முடிவு செய்தது.

நொய்யல் கரையில் இருப்போருக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. சாயக் கழிவினால் எங்கள் ஆறு பட்ட பாட்டை நாடறியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றக் கூடாதென்ற விதியை நிறைவேற்றாத சாயப் பட்டறைகளை மூடச் சொன்னதும், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையின்றித் தவித்ததும் மறக்கக்கூடியவை அல்ல. சாமளாபுரம் குளம் நொய்யலின் நீரை நம்பியது. அந்த நீர் கோவையைக் கடந்தே எங்களிடம் வருகிறது. கோவையில் பம்பு உறுப்புகளுக்கும் எந்திர உறுப்புகளுக்கும் முலாம் பூசும் பட்டறைகள் பல உண்டு. அவற்றின் கழிவுநீர் ஒழுங்காகச் சுத்திகரிக்கப்படுகிறதா என்பது எங்கள் குளத்து மீனுக்கும் அங்கே வந்திறங்கும் பறவைக்கும் உயிர்ப் பிரச்சினை. சாயத்தால் பட்டவர்கள் முலாமாலும் படவேண்டுமா?

நல்லவேளையாக வழிகளும் பிறந்திருக்கின்றன. நச்சுத்தன்மை மிகக் குறைந்த மூவிணைதிறன் குரோமியத்தைக் கொண்டு முலாம் பூசும் முறை நடைமுறைக்கு வந்திருக்கிறது. காற்று நீக்கிய அறையில் உலோக ஆவியைப் படியவைத்து, குரோமியத்தைப் போன்ற ஒளியைத் தரும் முறையும் உண்டு. அதில் நச்சுத் தொட்டி தேவையில்லை. நல்ல சாயத்தின் மேல் தெளிந்த பூச்சிட்ட சக்கரமும் எளிதில் மங்குவதில்லை. மின்னும் சக்கரந்தான் வேண்டும் என்பவர், இந்த முறைகளில் எதனால் மின்ன வைத்தீர்கள் என்று கடையில் ஒரு கேள்வி கேட்டால், கேள்வி கேட்போர் பெருகப் பெருகச் செய்வோரும் முறையை மாற்றுவார்கள். வாங்குவோர் விருப்பம் என்பது பெரிய ஆட்சி. குரோமியத்தை மேலேற்றியதும் அதுவே, கறுப்பை மேலேற்றியதும் அதுவே. அந்த விருப்பம் கொஞ்சம் அறிவோடு சேர்ந்தால் ஆற்றையும் காக்க வல்லது.

அழகை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் ஒருவர் தம் வண்டியை மினுக்கிப் பார்ப்பதில் குற்றம் என்ன? வாசலில் கோலமிடும் மக்கள் நாம். சக்கரம் வாங்கப் போகிறவர் நான்கு செய்திகளை மட்டும் மனத்தில் கொள்ளட்டும். சக்கரத்தின் உட்புறத்தில் தர முத்திரையும் பார அளவும் இருக்க வேண்டும். வண்டி செய்தவர் குறித்த அளவை மீறக்கூடாது. புது டயரின் பார எண் பழையதற்குக் குறையக்கூடாது. பற்றவைத்ததும் தட்டி நிமிர்த்தியதுமான அலாய் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நமக்கு வேண்டாம். இந்த நான்கையும் பார்த்துவிட்டு, அதன் பின் கறுப்போ வெள்ளியோ வெண்கலமோ, மனத்துக்குப் பிடித்ததை மாட்டிக்கொள்ளலாம்.

திருவள்ளுவர் உருண்டோடும் பெருந்தேரைப்பற்றிப் பேச வந்தபோது, அதன் சிகரத்தையும் சிங்காரத்தையும் விட்டுவிட்டு, சிறிய அச்சாணியையே எடுத்துக்காட்டினார். நம் சாலைகளில் தேர்கள் இன்று நாள்தோறும் ஓடுகின்றன. அவற்றுள் இருப்பவர்கள் நம் மக்கள். கடையில் சக்கரத்தின் முகத்தை ஒரு முறை பார்க்கிறவர், அதன் முதுகை இரு முறை பார்க்கட்டும்.